ஈரக்காற்றில் இரைக்கும் நாய்

கொழும்பில் வெப்பமானி 35 பாகை செல்சியஸைத் தொடுவது அரிது. மார்ச், ஏப்ரலிலும் பகல் உச்சம் பெரும்பாலும் 32, 33 பாகையோடு நின்றுவிடும். வவுனியாவில் 36 என்றும் டெல்லியில் 44 என்றும் செய்தியில் கேட்கும்போது, கடலோரத்தில் இருக்கும் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை என்ற எண்ணம் வருவது இயல்பு. வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்களுக்கு இந்த எண்ணம் ஆபத்தானது. வெப்பத் தாக்கம் வருமா வராதா என்பதைக் காற்றின் சூடு மட்டும் தீர்மானிப்பதில்லை. உடல் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கொழும்பின் கரையோரப் பம்பலப்பிட்டியின் ஈரக்காற்று அந்த வேகத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடக்கூடியது. அப்படி ஒரு பிராணி சுருண்டு விழுந்தால் அதன் உயிர் முதல் அரை மணி நேரத்தில் வீட்டில் என்ன செய்யப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலும் தங்கியிருக்கிறது. காப்புறுதியையும் இந்தக் கண்ணோட்டத்திலேயே எடைபோட வேண்டும் என்பது என் வாதம். பிறகு வரும் பணத்தைவிட, அந்த நேரத்தில் செலவை நினைத்துத் தயங்காமல் இருக்கச் செய்வதே அதன் பெரிய பயன்.

மனிதனுக்கு உடம்பு முழுவதும் வியர்க்கும். நாய்க்கு அந்த வகை வியர்வைச் சுரப்பிகள் பாதங்களில்தான் உள்ளன; அவற்றால் உடலைக் குளிர்விக்க முடியாது. ஆகவே அது தன் மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரப் பரப்பையே நம்பியிருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் க்னூட் ஷ்மிட்-நீல்சனும் உடன் ஆய்வாளர்களும் 1970இல் காட்டியபடி, இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் காற்றை இழுத்து வாயால் வெளியே விடுகிறது. இதனால் மூக்குக்குள் ஆவியான நீர் திரும்பவும் அங்கேயே படியாமல் சூட்டோடு வெளியேறுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 தடவைக்குள் இருக்கும் மூச்சு அப்போது 300ஐத் தாண்டும். நுட்பமான ஏற்பாடுதான், ஆனால் அது முழுவதும் ஆவியாதலை நம்பியது. உள்ளே வரும் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. நாயின் உடல் வெப்பநிலையான ஏறத்தாழ 38 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 46 கிராம் நீராவியைத் தாங்கும். 38 பாகை வெப்பமும் 25 சதவீத ஈரப்பதனும் உள்ள வறண்ட ஊரின் காற்றில் ஏற்கெனவே 11, 12 கிராம் இருக்கும். நாய் இன்னும் 34 கிராம்வரை ஏற்றி அனுப்பலாம். 31 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள கரையோரக் காற்றிலோ முன்கூட்டியே 25, 26 கிராம் இருக்கிறது. மிஞ்சுவது 20 கிராமுக்கான இடம். வெப்பமானி ஏழு பாகை குறைவாகக் காட்டுகிறது, நாயோ அதே அளவு குளிர்ச்சிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் காற்றை இழுத்து விட வேண்டியிருக்கிறது. அப்படி இரைப்பதும் தசைகளின் வேலைதான். அந்த வேலையே மேலும் சூட்டை உண்டாக்குகிறது.

வளிமண்டலவியல் திணைக்களம் அண்மைக் காலமாக வெறும் வெப்பநிலையோடு நில்லாமல், ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்த வெப்பச் சுட்டெண்ணை வைத்து எச்சரிக்கை விடுகிறது. செல்லப்பிராணி வளர்ப்போர் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ஆனால் அது நிழலில் நிற்கும், வியர்க்கக்கூடிய மனிதனுக்காகக் கணிக்கப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது. மனிதனுக்கு ‘அவதானம்’ என்று சொல்லப்படும் நாள், உரோமப் போர்வையோடு பிறந்த பிராணிக்கு அதைவிடக் கடுமையான நாள்.

மேலே பார்த்த நீராவிக் கணக்கிலிருந்து அன்றாடத்துக்கு உதவும் ஒரு முடிவு கிடைக்கிறது. வெயில் இறங்கியதும் ஐந்தரை, ஆறு மணிக்குக் கடலோர மரைன் டிரைவில் நாயை நடத்திச் செல்வது பலரின் வழக்கம். கரையோரக் காற்றிலுள்ள நீராவியின் அளவு மதியத்துக்கும் மாலைக்கும் இடையில் பெரிதாகக் குறைவதில்லை. நண்பகலில் 32 பாகையில் 70 சதவீதமாக இருந்தது மாலையில் 29 பாகையில் 83 சதவீதமாகத் தெரியும். கனமீற்றருக்கு இரண்டுமே ஏறத்தாழ 24 கிராம்தான். மாலையின் ஆதாயம் நேர்வெயில் இல்லாததும் கடல்காற்றுமே. தாரும் சீமெந்தும் பகலில் வாங்கிய சூட்டை இன்னும் விட்டுக்கொண்டிருக்க, தரையை ஒட்டி நடக்கும் குட்டைக்கால் நாய் அந்தச் சூட்டுக்குள்தான் நடக்கிறது. விடியற்காலை 25 பாகையில் காற்றின் நீராவி 21 கிராமுக்குக் கிட்ட இறங்கியிருக்கும், தெருவும் இரவெல்லாம் ஆறியிருக்கும். ஏப்ரலில் ஓடவோ பந்து விளையாடவோ விட வேண்டுமென்றால் அதை விடியற்காலைக்கு மாற்றிவிட வேண்டும். மாலையில் மெதுவான சிறு நடை போதும்.

ஏப்ரலைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த மாதம் 7ஆம் திகதியை ஒட்டிச் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வருகிறது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் காற்றும் ஓய்ந்திருக்கிறது. அடுத்த வாரமே சித்திரைப் புத்தாண்டு: வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ புறப்படும் குடும்பங்கள், பல்கனியில் தண்ணீரோடு விட்டுச்செல்லப்படும் நாய்கள், தெருவெங்கும் வெடிச்சத்தம். கடலைப் பார்த்த தொடர்மாடிப் பல்கனிக்கு மதியத்துக்குப் பிறகு முழு மேற்கு வெயில் விழும். பல வீடுகளில் குளிரூட்டியின் வெளிப்பெட்டியும் அங்கேதான் இருந்து உள்ளறையின் சூட்டை எல்லாம் அந்தச் சிறு இடத்தில் கொட்டும். வெடிக்குப் பயந்த நாய் மணிக்கணக்காக இரைக்கும். உள்ளறையில் மின்விசிறியைச் சுழலவிட்டுப் போனால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. வியர்க்காத, காய்ந்த உரோமத்தின்மேல் விசிறிக்காற்று மிகச் சிறிய பயனையே தரும். உடம்பு நனைந்திருந்தால்தான் அதற்கு வேலை. மின்சாரமும் உறுதியானதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு பகலில் நாடு முழுவதுமே இருண்டது. எப்போதும் குளிரூட்டிய அறையில் வளரும் பிராணிக்கு இது இரட்டைக் கேடு. உடல் சூட்டுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும், அந்தப் பழக்கம் அதற்கு இல்லை. யாராவது ஒருவர் சாவி வைத்திருந்து ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை வந்து பார்க்காத எந்த ஏற்பாட்டையும் ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன்.

பூட்டிய வாகனத்துக்குள் விட்டதால் நாய் இறந்த செய்திகளையே அதிகம் கேள்விப்படுகிறோம். அந்த ஆபத்து மெய்யானது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் உள்ளிட்ட குழு 2005இல் வெளியிட்ட அளவீட்டில், வெயிலில் நின்ற காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரி 22 பாகை ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது, கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எண்ணிக்கையில் பெரிய காரணம் வேறு. பிரித்தானியாவின் ரோயல் வெட்டரினரி கல்லூரியின் பதிவுகளைக் கொண்டு எமிலி ஹோலும் குழுவினரும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். காரணம் தெரிந்த சம்பவங்களில் ஏறத்தாழ 74 சதவீதம் ஓட்டம், நடை, விளையாட்டு ஆகிய உடலுழைப்பால் வந்தவை. வாகனத்தால் வந்தவை 5 சதவீதமே. தட்டை முகமுள்ள இனங்களுக்கு ஆபத்து நடுத்தர முகமுள்ளவற்றைவிட இரண்டு மடங்கு. லாப்ரடோருடன் ஒப்பிட்டால் புல்டோக்குக்கு 14 மடங்கு, சௌ சௌவுக்கு ஏறத்தாழ 17 மடங்கு. காரணம் விளங்கக்கூடியதே. மூக்கின் ஈரப் பரப்புத்தான் நாயின் குளிரூட்டி. பக் நாயின் முகத்தை நாம் தலைமுறை தலைமுறையாகச் சுருக்கியபோது அந்தக் குளிரூட்டியையும் சேர்த்துச் சுருக்கிவிட்டோம். சைபீரிய ஹஸ்கியைக் கொழும்புத் தொடர்மாடியில் வளர்ப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அதை வாங்கும் முடிவுதான் பிற்காலச் செலவின் முதல் வரி.

தெருநாய்கள் கொழும்பின் காலி வீதியில் நாள் முழுவதும் கிடந்து நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. அவை மெலிந்தவை, குட்டை உரோமமும் நீண்ட மூக்கும் உள்ளவை, பிறந்தது முதல் இந்தச் சூட்டுக்குப் பழகியவை. எல்லாவற்றுக்கும் மேலாக அவற்றுக்குக் கட்டுக்கயிறு இல்லை. பதினொரு மணிக்கே வாகனத்தின் அடியிலோ கடைப் படிக்கட்டின் நிழலிலோ போய்ப் படுத்துக்கொள்ளும். பல்கனியில் பூட்டப்பட்ட நாய்க்கு அந்தத் தெரிவை நாம் கொடுப்பதில்லை. தெருநாயைப் பார்த்துக் கற்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது நிழலைத் தேடிப் போகும் உரிமைதான். அவைகூட நிழலும் நீரும் இல்லாத இடங்களில் தப்புவதில்லை, யாரும் எண்ணுவதில்லை என்பதே வித்தியாசம்.

உடல் சூடு 41 பாகையைத் தாண்டும்போது உள்ளே நடப்பவற்றை அறிந்தால், சிகிச்சைச் செலவு ஏன் ஏறுகிறது என்பதும் புரியும். இரத்தக்குழாய்களின் உட்சுவர் சேதமாகிறது. குடலின் தடுப்புச்சுவர் கசிந்து கிருமிகளும் நச்சுகளும் இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தம் சிறு குழாய்களில் கண்டபடி உறைந்து, உறைவதற்கான பொருட்கள் தீர்ந்துபோக, பிறகு கண்ட இடங்களில் எல்லாம் கசியத் தொடங்குகிறது. சிறுநீரகம் நிற்கலாம், சர்க்கரை சரியலாம், மூளை வீங்கி வலிப்பு வரலாம். இவற்றில் பல உடனே தெரியாது; எழுந்து நின்று வாலாட்டிய நாய் அடுத்த நாள் விழுந்துவிடலாம். ஆகவேதான் மிருக வைத்தியர் ஓரிரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். நாளத்தினூடாகத் திரவம், ஒட்சிசன், திரும்பத் திரும்ப இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் குருதி அல்லது பிளாஸ்மா, இரவுக் கண்காணிப்பு என்று பட்டியல் நீள்கிறது. தேவையில்லாத சோதனைகள் என்று சந்தேகிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இஸ்ரேலில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா மருத்துவமனைக்கு 1999 முதல் 2004 வரை வெப்பத் தாக்கத்தோடு வந்த 54 நாய்களில் பாதி இறந்துவிட்டன. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிந்திக் கொண்டுவரப்பட்டவற்றுக்கு ஆபத்து கூடியிருந்தது. பிரித்தானியாவின் சாதாரண மருத்துவ நிலையங்களில், மிதமான சம்பவங்களும் சேர்ந்த கணக்கில், ஏழில் ஒன்று இறந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில் பெரும்பகுதி, எவ்வளவு கடுமையாவதற்கு முன் பிடித்தோம் என்பதுதான்.

அந்தத் தூரத்தைக் குறைக்கும் கருவி குளியலறையில் இருக்கிறது. முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. காலி வீதியின் நெரிசலில் முச்சக்கரவண்டிக்குள் சூட்டோடு தவிக்கும் இருபது நிமிடத்தில் உறுப்புகள் வெந்துகொண்டே இருக்கும். அதே பிரித்தானியப் பதிவுகளில், புறப்படுவதற்கு முன் குளிர்விக்கப்பட்ட நாய்கள் 22 சதவீதம்கூட இல்லை. வெறும் இரைப்போடு நில்லாமல் எச்சில் கெட்டியாக வடிதல், ஈறு செங்கல் நிறமாகச் சிவத்தல், தள்ளாட்டம், வாந்தி, அழைத்தால் திரும்பிப் பாராமை ஆகியவை தெரிந்தால் வேறெதற்கும் காத்திருக்கக்கூடாது. உடல் முழுவதையும் குழாய்நீரால் நனைத்து விசிறியின் முன் வைக்க வேண்டும். இளம், ஆரோக்கியமான நாயானால் தலையை மேலே பிடித்துக்கொண்டு தொட்டிநீரில் இறக்கலாம். குளிர்நீர் பட்டால் தோலின் குழாய்கள் சுருங்கிச் சூடு உள்ளே அடைபடும், அதிர்ச்சியில் செத்துவிடும் என்ற அச்சம் நீண்டகாலமாக உண்டு, மருத்துவ நூல்களிலும் இருந்தது. இன்றைய சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை. குளிர்நீரில் இறக்குவது வேகமான வழிகளில் ஒன்று. அதோடு நம் குழாய்நீர் 28 பாகைக்குக் கிட்ட இருப்பது, சூடேறிய நாயைவிட அது 13 பாகை குளிர்ச்சி, அச்சப்பட ஒன்றுமில்லை. நனைத்த துவாயைப் போர்த்தி விடுவது நல்லது போலத் தெரியும். சில நிமிடத்தில் அது சூடேறிப் போர்வையாகிவிடுகிறது. உடல் வெப்பம் 39.5 பாகைக்கு இறங்கியதும் நிறுத்த வேண்டும், இல்லையேல் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும். வீட்டிலிருக்கும் பனடோலைக் கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் அன்று. மூளை தன் இலக்கை உயர்த்தியதால் வந்த சூடு இல்லையென்பதால் மாத்திரை குறைக்காது, பூனைக்கோ அந்த மாத்திரை நஞ்சு. பூனை வாயைத் திறந்து இரைப்பதே அவசர அறிகுறி என்பதையும், சூட்டைப் பெரும்பாலும் காதால் மட்டும் இழக்கும் முயல் 30 பாகையிலேயே திணறலாம் என்பதையும் கூண்டுகளைப் பல்கனியில் வைப்பவர்கள் அறிய வேண்டும்.

குளிர்வித்தாயிற்று, அடுத்து மருத்துவமனை. பல குடும்பங்களில் பேச்சு நிற்பது இந்த இடத்தில்தான். எவ்வளவு கேட்பார்களோ, காலையில் பார்த்துக்கொள்வோமா, இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறதே என்ற ஆலோசனையில் அந்த ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. அன்பு குறைந்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. 2022க்குப் பிறகு மனித மருந்துக்கே கணக்குப் பார்க்கும் வீடுகள் இவை. அரிதாக வரும், வந்தால் தாங்க முடியாத செலவைப் பலர் சேர்ந்து தாங்குவதற்குத்தான் காப்புறுதி என்ற ஏற்பாடே பிறந்தது. பிராணிகளுக்கு அது புதிதுமல்ல. சுவீடனில் 1890இல் கால்நடைக் காப்புறுதி தொடங்கியது, 1924இல் முதல் நாய்க்கான காப்புறுதிப் பத்திரம் வழங்கப்பட்டது. இன்று அந்நாட்டு நாய்களில் மிகப் பெரும்பாலானவை காப்புறுதி பெற்றவை. அந்த மரபில் வந்த அக்ரியா நிறுவனத்தின் கோரிக்கைப் பதிவுகள், எந்த இனம் எந்த நோயால் எந்த வயதில் இறக்கிறது என்பதைக் காட்டும் ஆய்வுகளுக்கும் அடிப்படையாயின. இந்தியாவில் பஜாஜ் அலையன்ஸ் 2020இல் நாய்களுக்கான காப்புறுதியைத் தொடங்கியது. நம் நாட்டிலும் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை மாடுகளுக்குக் காப்புறுதி அளித்துவருகிறது. உழைக்கும் பிராணிக்குப் பொருந்திய தத்துவம் கூடவாழும் பிராணிக்குப் பொருந்தாமல் போகாது.

காப்புறுதி இருந்தால் கவனம் குறையும் என்று சிலர் வாதிடுவார்கள். பணம் திரும்பி வரும் என்பதற்காகத் தன் நாயை வெயிலில் கட்டிவைப்பவரை நான் கற்பனை செய்ய முடியவில்லை. இறந்த நாயை எந்தப் பத்திரமும் திருப்பித் தராது. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று: பெரும்பாலான பத்திரங்கள் நாம் முதலில் செலவழித்துப் பிறகு கோரிப் பெறுபவை. அப்படியானால் நடு இரவில் கையில் பணமில்லாதவரின் தயக்கத்தை அது எப்படிப் போக்கும்? இந்த ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் காப்புறுதிக்கு முன்னதாக, ஓரிரவுச் சிகிச்சைக்குப் போதுமான தொகையைத் தனியாக ஒதுக்கி வைப்பது வர வேண்டும் என்கிறேன். தடுப்பூசி, பூச்சி மருந்து போன்ற எதிர்பார்த்த செலவுக்குச் சேமிப்பே சிறந்தது; பல நாள் தங்கும் சிகிச்சை போன்ற எதிர்பாராத பெருஞ்செலவுக்குத்தான் காப்புறுதி. பத்திரத்தை வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெப்பத் தாக்கத்தை அது விபத்தாகக் கொள்கிறதா நோயாகக் கொள்கிறதா என்பது. விபத்துக்கு மட்டுமான பத்திரத்தில் அது வெளியே போய்விடலாம். காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? மார்ச்சில் வாங்கினால் ஏப்ரலுக்கு உதவுமா? தட்டை முக இனங்களின் மூச்சுக் கோளாற்றைப் பிறவிக் குறை என்று விலக்குகிறார்களா? ஒரு சம்பவத்துக்கான உச்சத் தொகை எவ்வளவு? ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு என்ன வரைவிலக்கணம் கொடுத்திருக்கிறார்கள்? மின்வெட்டில் மூடிய அறையில் இருந்த நாய் அதற்குள் அடங்குமா? பதில்களை எழுத்தில் வாங்க வேண்டும். நாயின் பதிவு, தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டுகள் எல்லாம் ஒரே உறையில் இருப்பது கோரிக்கையின் போது கைகொடுக்கும்.

நிறுவனப் பத்திரம் எடுக்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு, அதை நாம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. மரண உதவிச் சங்கங்களை இந்நாட்டில் தெரியாதவர் இல்லை: மாதாமாதம் சிறு தொகை, வீட்டில் துக்கம் நேர்ந்தால் அன்றே கையில் பணம், விண்ணப்பமும் விசாரணையும் பிறகு. ஒரு தொடர்மாடியிலோ ஒரு ஒழுங்கையிலோ பிராணி வளர்க்கும் முப்பது, நாற்பது குடும்பங்கள் அதே முறையில் சேர்ந்தால், நிறுவனக் காப்புறுதி தராத ஒன்று, அதாவது அன்றிரவே பணம், கிடைத்துவிடும். சிறிய கூட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே வெப்ப அலையில் நான்கு நாய்கள் விழுந்தால் நிதி வற்றிவிடும். ஆகவே முதல் நாள் முற்பணத்தைச் சங்கமும், அதற்கு மேற்பட்டதைப் பத்திரமும் தாங்குமாறு பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஊருக்குப் போகும் வீட்டின் சாவியை யார் வைத்திருப்பது என்ற கேள்விக்கும் அந்தச் சங்கமே விடையாகும். சந்தாவில் முதலில் வாங்க வேண்டியவை ஓர் உடல் வெப்பமானி, நாயைக் கிடத்தக்கூடிய ஒரு பெரிய பேசின், மின்சாரம் இல்லாதபோதும் சுழலும் ஒரு மின்கல விசிறி. இவை மூன்றும் காவலாளி அறையில், எல்லாருக்கும் தெரிந்த இடத்தில், அருகிலுள்ள மிருக வைத்தியசாலைகளில் இரவில் திறந்திருப்பவற்றின் தொலைபேசி எண்களோடு இருக்க வேண்டும்.